மெடல் வரிசை: ராணுவ உடையில் பதக்கங்களைக் கோத்து அணிவதற்கு முழுமையான வழிகாட்டி

ஜனவரி இரண்டாம் வாரம் பிறந்தால் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் பழைய பிஸ்கட் டப்பாவோடு என் வீட்டு வாசலில் நிற்பார். டப்பாவைத் திறந்தால் பத்துப் பதினைந்து வருடம் வெளிச்சம் பார்க்காத மெடல்கள், வெளிறிப்போன ரிப்பன், துருப்பிடித்த ஒரு பின். "26-ந் தேதிக்குள்ள இதைக் கோத்துக் குடுத்துரு தம்பி." வேலூர்ப் பக்கத்தில் இது அதிசயமில்லை. ஒரு வீட்டில் ஒருவராவது பட்டாளத்தில் இருந்திருப்பார். நானும் இருந்துவிட்டு வந்தவன்தான். டெய்லர் இல்லாத ஊரில் போஸ்டிங் இருந்தபோது மெடல் கோக்கக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் அந்த வேலை விடவில்லை.

இங்கே சொல்வதெல்லாம் இந்திய முப்படை மெடல்களைப் பற்றி. இன்னும் பணியில் இருப்பவர்களுக்கு அவரவர் படையின் உடை விதியும் யூனிட் ஆணையும்தான் முதல் வார்த்தை. யூனிட்டின் மூத்த அதிகாரியான சுபேதார் மேஜர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள், என்னை மேற்கோள் காட்டி வாதாடாதீர்கள்.

முதலில் காகிதம், அப்புறம் ஊசி

டப்பாவில் இருக்கிற எல்லாம் உங்களுடையது என்று நினைத்துவிடக் கூடாது. அண்ணன் மெடலும் தம்பி மெடலும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுங்கள். அதில் எந்தெந்த மெடல்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வீரதீர விருதோ சிறப்புச் சேவை விருதோ இருந்தால் அதற்கான சான்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு மெடலின் விளிம்பையும் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். பழைய மெடல்கள் பலவற்றில் பெற்றவரின் நம்பரும் பெயரும் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துதான் மெடலின் அடையாள அட்டை. உப்புத்தாள் போட்டு அதைத் தேய்த்துவிடாதீர்கள்.

புத்தகத்தில் எழுதியிருந்தும் டப்பாவில் இல்லாத மெடல் இருந்தால் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். டப்பாவில் கிடந்தும் புத்தகத்தில் இல்லாத மெடலை விசாரிக்காமல் கோக்காதீர்கள்.

பெயர் குழப்பம் ஒன்றையும் இப்போதே தீர்த்துவிடுவது நல்லது. சேனா மெடல், சைன்ய சேவா மெடல், சாமான்ய சேவா மெடல், விதேஷ் சேவா மெடல், விசிஷ்ட சேவா மெடல் என்று வேகமாகச் சொன்னால் ஐந்தும் ஒன்றுபோலவே காதில் விழும். ஆனால் சேனா மெடல் தனி ஆளின் துணிச்சலுக்கோ சிறப்பான பணிக்கோ தரப்படும் விருது. சைன்ய சேவா மெடல் குறிப்பிட்ட கடினமான பகுதிகளில் குறிப்பிட்ட காலம் வேலை பார்த்த எல்லோருக்கும் கிடைப்பது. இரண்டுக்கும் நடுவே வரிசையில் ஒரு தெருவே இருக்கிறது. அதேபோல பராக்ரம் பதக் என்பது போரில் காயம்பட்டவருக்கான மெடல், ஆபரேஷன் பராக்ரம் மெடல் என்பது 2001–02-இல் எல்லையில் படை குவித்த காலத்துக்கானது. இந்த இரண்டையும் இடம் மாற்றித் தைத்துக்கொண்டு பெரேடுக்கு வந்தவர்கள் உண்டு.

வரிசை: வாங்கிய தேதிப்படி அல்ல

நான் முதன்முதலில் மெடல் கோத்தபோது ஒன்பது வருடச் சேவைக்கான மெடலை முதலில் வைத்தேன். அதுதான் எனக்கு முதலில் கிடைத்தது. அதன்பிறகு வந்தவற்றை ஒவ்வொன்றாக அடுத்தடுத்து வைத்து, இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து தைத்தேன். காலையில் எங்கள் பயிற்சியாளர் உஸ்தாத் என் நெஞ்சைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "இது உன் டைரியா?" என்று கேட்டார். முழுவதையும் பிரித்தேன்.

மெடல் வரிசை என்பது நம்முடைய வாழ்க்கை வரிசை அல்ல. அரசு வெளியிட்ட முன்னுரிமை வரிசை அது. எது பளபளக்கிறது, எதற்காக அதிகம் கஷ்டப்பட்டோம் என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை.

படையினர் மார்பில் வரக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த வரிசை சுமாராக இப்படிப் போகும். தலையில் பரம் வீர் சக்ரா, அடுத்து அசோக சக்ரா. அப்புறம் சர்வோத்தம் யுத்த சேவா மெடல், பரம் விசிஷ்ட சேவா மெடல். அவற்றுக்குப் பிறகுதான் மகாவீர் சக்ரா, கீர்த்தி சக்ரா. தொடர்ந்து உத்தம் யுத்த சேவா, அதி விசிஷ்ட சேவா. பிறகு வீர் சக்ரா, சௌர்ய சக்ரா, யுத்த சேவா மெடல், சேனா மெடல் (கடற்படையில் நவ் சேனா, விமானப்படையில் வாயு சேனா), விசிஷ்ட சேவா மெடல், பராக்ரம் பதக். இதில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: மிக உயர்ந்த சேவைக்கான பரம் விசிஷ்ட சேவா மெடல், எதிரியின் முன்னால் காட்டிய வீரத்துக்கான மகாவீர் சக்ராவுக்கு முன்னால் நிற்கிறது. இதைப் பற்றி பழைய சிப்பாய்கள் முணுமுணுப்பார்கள். எனக்கும் அதில் ஒரு முணுமுணுப்பு உண்டு. ஆனாலும் தைக்கும்போது அரசாணைப்படிதான் தைக்கிறேன்.

தனி விருதுகள் முடிந்ததும் பொதுச் சேவை மெடல்கள், போர்களுக்கான நட்சத்திரங்கள், நடவடிக்கைகளுக்கான மெடல்கள் வரும். அவற்றுக்குப் பின்னால் சைன்ய சேவா, உயர்மலைச் சேவை மெடல், விதேஷ் சேவா. பிறகு சுதந்திர ஆண்டு நினைவு மெடல்கள், பிறகு 30, 20, 9 வருட நீண்ட சேவை மெடல்கள் அதே இறங்கு வரிசையில். எல்லாவற்றுக்கும் கடைசியில் வெளிநாட்டு மெடல்கள். ஐ.நா. அமைதிப்படை மெடலும் இந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் சேரும். இங்கே பலர் சறுக்குகிறார்கள்: விதேஷ் சேவா மெடலின் பெயரில் வெளிநாடு இருந்தாலும் அது இந்திய அரசு தருவது. அதை ஐ.நா. மெடலோடு சேர்த்துக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள்.

உதாரணத்துக்கு, 1997-இல் பணியில் இருந்து இருபது வருடம் தாண்டி ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தாரை எடுத்துக்கொள்வோம். அவர் மார்பில் பத்து மெடல்கள் வரும் என்று வைத்துக்கொண்டால் வரிசை இது: சேனா மெடல், பராக்ரம் பதக், ஆபரேஷன் பராக்ரம், சைன்ய சேவா, உயர்மலைச் சேவை, விதேஷ் சேவா, 50-ஆவது சுதந்திர ஆண்டு மெடல், 20 வருட மெடல், 9 வருட மெடல், ஐ.நா. மெடல்.

மிக மூத்த மெடல் சட்டையின் பொத்தான் வரிசைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். அதாவது அணிந்திருப்பவரின் வலப்பக்கத்திலிருந்து இடக்கைப் பக்கமாக இறங்கிக்கொண்டே போக வேண்டும். மேசையில் மெடல்களை முகம் மேலே தெரியும்படி பரப்பினால் உங்கள் இடக்கைப் பக்கம் மூத்தது, வலக்கைப் பக்கம் இளையது. புத்தகம் வாசிக்கிற மாதிரிதான். தைப்பதற்காக எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டதும் இது தலைகீழாகிவிடும். அதனால் ஒவ்வொரு மெடலின் பின்பக்கமும் சிறு காகிதத் துண்டில் 1, 2, 3 என்று எழுதி ஒட்டிவிடுங்கள். சின்ன வேலைதான், ஒரு ராத்திரி மிச்சமாகும்.

ஒரே விருதை இரண்டாவது முறை பெற்றவர் இரண்டு மெடல் தொங்கவிடக் கூடாது. முதல் மெடலின் ரிப்பனில் அதற்கான சிறு உலோகப் பட்டை ஏறும். சாமான்ய சேவா, விதேஷ் சேவா போன்றவற்றில் இடத்தின் பெயர் எழுதிய பட்டைகள் வரும். முதலில் பெற்றது மெடலுக்கு அருகில் கீழே, அடுத்தது அதன் மேலே. தளபதிகள் தரும் பாராட்டு அட்டைக்கான பேட்ஜ் மெடல் அல்ல, அதை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம்.

ரிப்பன்: தலைகீழாகப் போகும் இடம்

முழு அளவு மெடலின் ரிப்பன் அகலம் 32 மில்லிமீட்டர். பழைய ரிப்பனைத் துவைத்து இஸ்திரி போட்டு மறுபடி பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சாயம் இறங்கி, வெள்ளைக் கோடு ரோஸ் ஆகிவிடும். கண்டோன்மென்ட் பகுதி ராணுவ உடைக் கடைகளில் மீட்டர் கணக்கில் ரிப்பன் கிடைக்கும். ஆனால் கடைக்காரர் கையில் கொடுத்ததை அப்படியே நம்பி வந்துவிடாதீர்கள். சேனா மெடலுக்கு என்று கேட்டு வேறொரு சிவப்பு ரிப்பனோடு நான் வீடு திரும்பிய கதை உண்டு. பஸ் செலவு இரட்டிப்பு.

சில ரிப்பன்களை ஒரு கணக்கு வைத்து எளிதாக நினைவில் கொள்ளலாம். கரும்பச்சையில் ஒரு காவிக் கோடு என்றால் அசோக சக்ரா, இரண்டு கோடு கீர்த்தி சக்ரா, மூன்று கோடு சௌர்ய சக்ரா. பொன்மஞ்சளில் ஒரு கருநீலக் கோடு பரம் விசிஷ்ட சேவா, இரண்டு அதி விசிஷ்ட சேவா, மூன்று விசிஷ்ட சேவா. கோடு கூடக் கூட மெடல் கீழே இறங்கும். பள்ளிக்கூடத்து முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு மாதிரி. உண்மையும் அதுதான். 1967 ஜனவரி வரை இவை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்றே அழைக்கப்பட்டன. சேனா மெடல் சிவப்பில் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. பராக்ரம் பதக் வெள்ளையில் நடுவே ஒரு சிவப்புக் கோடு. பரம் வீர் சக்ரா கோடே இல்லாத ஊதா.

இடமும் வலமும் ஒன்றாக இருக்கும் ரிப்பனை எப்படித் திருப்பினாலும் பாதகமில்லை. ஆபத்து, இரண்டு பக்கமும் வேறாக இருப்பவற்றில். மகாவீர் சக்ரா பாதி வெள்ளை, பாதி காவி. வீர் சக்ரா பாதி கருநீலம், பாதி காவி. இரண்டிலும் காவி அணிபவரின் இடது தோள்பக்கம் வர வேண்டும். எதிரே நின்று பார்ப்பவருக்குக் காவி வலப்பக்கம் தெரிந்தால் சரி. இப்படிப்பட்ட ரிப்பன் பொதுச் சேவை மெடல்களிலும் வரலாம், ஆகவே இரு பக்கமும் ஒன்றல்லாத ரிப்பனை வெட்டுவதற்கு முன் அரசின் படத்தோடு ஒப்பிட்டு, மேல் பக்கம் எது என்று பென்சிலால் பின்புறம் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

மெடலின் முகமும் அப்படித்தான். பரம் வீர் சக்ராவின் தொங்குபட்டை, அதாவது மெடலை ரிப்பனோடு இணைக்கும் உலோகத் துண்டு, சுழலும்படி அமைக்கப்பட்டது. முன்பக்கம் நடுவில் அரசுச் சின்னம், அதைச் சுற்றி இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு. பின்பக்கம் எழுத்தும் தாமரைகளும். சாவித்திரி கானோல்கர் வடிவமைத்த அந்த வெண்கல வட்டத்தை இதுவரை 21 பேர் மட்டுமே பெற்றிருக்கிறார்கள். அவர்களில் தமிழர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர்நீத்தார். அப்படியொரு மெடல் உங்கள் மேசைக்கு வரப்போவதில்லை. ஆனால் சுழலும் மெடல் எதுவாக இருந்தாலும் கடைசித் தையலுக்கு முன் முகத்தைப் பாருங்கள். சில மெடல்களில் அரசுச் சின்னம் முன்பக்கம் இருக்கும், சிலவற்றில் பின்பக்கம். சிங்கம் தெரிந்தால் அதுதான் முகம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அளவு எடுப்பது

ஐந்து மெடல் வரை பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். 32-ஐ ஐந்தால் பெருக்கினால் 160 மில்லிமீட்டர். சராசரி ஆளின் இடது மார்பு தாங்குவது அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் மெடல்களைத் தாங்கும் உலோகச் சட்டமான பார் கைக்கடியில் புகுந்து சல்யூட் அடிக்கும்போது சட்டையை இழுக்கும். ஆறாவது மெடலிலிருந்து ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு ஏற்றுவது என்பதற்குக் கணக்கு எளிது. 160-இல் ஒரு ரிப்பன் அகலம் 32-ஐக் கழித்தால் 128. அதை மெடல் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுங்கள். எட்டு மெடல் என்றால் 128-ஐ 7-ஆல் வகுக்க 18 மில்லிமீட்டர் சொச்சம். பத்து மெடல் என்றால் 9-ஆல் வகுக்க 14 மில்லிமீட்டர். ஒவ்வொரு ரிப்பனின் இட ஓரமும் அடுத்ததன் இட ஓரத்திலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி வர வேண்டும். மூத்த மெடல் முழுதாகத் தெரியும், மற்றவை அதனடியில் ஒதுங்கி நிற்கும். ஒன்றை அதிகம் மறைத்து இன்னொன்றைக் காட்டுவது கூடாது, எல்லாம் சமமாக மறைய வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். ரிப்பன் 32 மில்லிமீட்டர் என்றாலும் சேனா மெடல் போன்ற வட்ட மெடல்களின் குறுக்களவு 35 மில்லிமீட்டர். ஐந்தே மெடல் இருந்தாலும் வட்டங்கள் ஒன்றையொன்று உரசும். மூத்ததன் விளிம்பு இளையதன் மேல் மூன்று மில்லிமீட்டர் ஏறி நிற்கும்படி விட்டுவிடுங்கள். ரிப்பனுக்கு நடுவே இடைவெளி விட்டு இதைச் சரிசெய்யப் பார்த்தால் பின்னாலிருக்கும் துணி பல்லிடுக்குப் போலத் தெரியும்.

உயரத்துக்கு: எல்லா மெடல்களின் கீழ் விளிம்பும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நட்சத்திர மெடலானால் கீழ்க் கூர்முனை அந்தக் கோட்டைத் தொட வேண்டும். எனவே முதலில் உயரம் அதிகமான மெடலை எடுங்கள், பட்டை ஏறியதாக இருந்தால் பெரும்பாலும் அதுதான். அதற்கு ரிப்பன் எவ்வளவு தெரிய வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு, மற்றவற்றின் ரிப்பனை அதற்கேற்ப நீட்டிக்கொள்ளுங்கள். பட்டை இல்லாத மெடலுக்கு ரிப்பன் தெரிகிற உயரம் அதன் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 35 முதல் 40 மில்லிமீட்டர் இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும்.

தொங்கும் முறை

இதுதான் நம் படைகளில் அதிகம் புழங்குவது. மெடல்கள் ரிப்பனில் தளர்வாகத் தொங்கும், நடந்தால் கலகலக்கும். ஐம்பது பேர் ஒன்றாகக் கால் வைக்கும்போது எழும் அந்தச் சத்தத்துக்காகவே இந்த முறையை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

தேவையானவை: பின் வைத்த பித்தளை அல்லது எஃகு பார் ஒன்று, மெடலுக்கு 15 செ.மீ. வீதம் ரிப்பன், ரிப்பன் நிறங்களுக்கேற்ற நூல், மெல்லிய ஊசி, மில்லிமீட்டர் ஸ்கேல், துணி மாட்டும் கிளிப் பத்து, மெழுகுவர்த்தி, சட்டை நிறத்தில் ஒரு துண்டு ஃபெல்ட் துணி. நூலைத் தைப்பதற்கு முன் மெழுகில் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் முறுக்காது, அறுந்தும் போகாது.

ரிப்பனை வெட்டியதும் வெட்டு ஓரத்தில் நிறமில்லா நகப்பூச்சு தடவி உலரவிடுங்கள். சிலர் நெருப்பில் காட்டுவார்கள். பட்டு கலந்த ரிப்பன் என்றால் கருகும், நூலிழை மட்டும் உருகும் என்று நம்பி வைத்தால் கறை மிஞ்சும்.

ரிப்பனை மெடலின் தொங்குபட்டையிலோ வளையத்திலோ நுழைத்து, பார் மேல் சுற்றி, ஒரு மாலை போலப் பின்பக்கம் இரு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விடுங்கள். கிளிப் போட்டுப் பிடியுங்கள். எல்லா மெடல்களையும் இப்படிக் கிளிப்பிலேயே நிறுத்திவிட்டு, பாரைச் சுவரில் ஆணியில் மாட்டி, மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். கீழ்க் கோடு சரியாக இருக்கிறதா என்று மேசையில் படுக்கவைத்துப் பார்த்தால் தெரியாது. எடை இழுத்துத் தொங்கும்போதுதான் ரிப்பனின் உண்மையான நீளம் தெரியும்.

சரியானதும் தைக்கத் தொடங்குங்கள், ஆனால் கடைசி மெடலிலிருந்து. இளையது முதலில் பாரில் அமர வேண்டும், அதன்மேல் அடுத்த மூத்தது, இப்படியே ஏறி முடிவில் முதல் மெடல் எல்லாவற்றுக்கும் மேலே. மூத்ததிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு புது ரிப்பனையும் முந்தையதன் அடியில் திணிக்க வேண்டிவரும், இரண்டாவது மெடலிலேயே கை சோர்ந்துவிடும்.

பாரின் அடியொட்டிப் பின்பக்கமாக இரண்டு வரிசைத் தையல் போதும். ஊசி முன்பக்க ரிப்பனைத் தொடக் கூடாது, பின் மடிப்பை மட்டுமே பிடிக்க வேண்டும். ஒவ்வொரு ரிப்பனையும் பக்கத்து ரிப்பனோடு மேல் ஓரத்தில் இரண்டு தையல் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாளடைவில் விசிறி மாதிரி விரியும். கடைசியாக ஃபெல்ட் துணியைப் பின்னால் வைத்துத் தைத்தால் முனைகளெல்லாம் மறையும், பாரும் சட்டையில் வழுக்காது. வெள்ளைச் சீருடையானால் வெள்ளை ஃபெல்ட். கறுப்பு வைத்தால் ஓரத்தில் நிழல் தட்டும்.

பசை வேண்டவே வேண்டாம். வெயிலில் இளகி ரிப்பனுக்கு முன்னால் எண்ணெய்க் கறை போல ஊறிவரும். அவசரத்துக்கு ஸ்டேப்ளர் அடித்தவர்களும் உண்டு. அடுத்த வருடம் துரு ரிப்பனில் பொட்டு வைத்திருக்கும்.

கோர்ட் முறை

இதில் மெடல்கள் ஆடாது. விறைப்பான பலகை ஒன்றின்மேல் ரிப்பனும் மெடலும் சேர்த்துத் தைக்கப்படும். பிரிட்டிஷ் அரசவை உடையிலிருந்து வந்த பெயர். ஒன்றோடொன்று மோதி மெடல்கள் வடுப்படாது என்பது இதன் பெரிய லாபம். பழைய வெள்ளி மெடல் வைத்திருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பணியில் இருப்பவர்கள் தங்கள் யூனிட்டில் எது வழக்கம் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வரிசையில் ஒருவர் மட்டும் சத்தமில்லாமல் நின்றால் நன்றாக இருக்காது.

பலகைக்கு காலருக்குள் வைக்கும் விறைப்பான டெய்லர் கடைப் பக்ரம் துணி இரண்டு மூன்று அடுக்கு, நடுவே கெட்டியான பிளாஸ்டிக் ஃபைல் அட்டை. உயரம், ரிப்பனின் மேல் ஓரத்திலிருந்து மெடல் வட்டத்தின் நடுப்பகுதி வரை. பெரும்பாலும் 65 முதல் 70 மில்லிமீட்டரில் அடங்கும். ரிப்பன் மெடலுக்கு 20 செ.மீ. வேண்டும். பலகையின் கீழ் ஓரத்தில் ஒரு செ.மீ. பின்னால் மடித்துத் தைத்து, முன்பக்கமாக மேலே ஏற்றி, மேல் ஓரத்தில் கத்தி மடிப்பு மடித்து, மறுபடி முன்னாலேயே கீழே இறக்கி, மெடலின் வளையத்தில் நுழைத்து, உள்பக்கம் மடித்துத் தைக்க வேண்டும். இப்போது மெடலுக்குப் பின்னாலும் அதே ரிப்பன் தெரியும். இரண்டு அடுக்கிலும் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று மிகச் சரியாக விழ வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணில் குத்தும். கடைசியில் தொங்குபட்டையின் இரு முனையிலும் பலகையோடு சேர்த்து நூல் முடிச்சு போடுங்கள்.

முதல் முறை இதில் கை வைப்பவர்கள் இரண்டு மெடலோடு பழகிப் பாருங்கள். பத்து மெடலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதியில் தூக்கிப் போடத் தோன்றும்.

உடையில் ஏற்றுவது

பெரேடு உடையில் பார் இடது மார்புப் பாக்கெட்டுக்கு மேலே, பாக்கெட்டின் நடுவுக்கு நேராக அமர வேண்டும். மெடல்கள் பாக்கெட்டின் மேல் விழும். தரைக்கு இணையாக இருக்கிறதா என்பதை ஹேங்கரில் பார்க்காதீர்கள். சட்டையைப் போட்டு, பெல்ட்டை இறுக்கி, சாவ்தானில், அதாவது விறைப்பாக, நின்று, இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட் இறுகியதும் இடது பக்கத் துணி சற்றே கீழே இறங்கும். நெஞ்சு விரிந்ததும் வெளி ஓரம் ஏறும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சரியான இடம் இருக்கிறது.

எட்டு பத்து மெடல் என்றால் எடை ஒரே பின்னில் விழும், மெல்லிய துணி தொய்ந்து முன்னால் கவிழும். சட்டையின் உட்பக்கம் பாக்கெட்டுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் கெட்டித் துணி ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, வெளியே சட்டை நிற நூலில் மூன்று சிறு வளையம் தைத்து அவற்றுக்குள் பின்னைச் செருகுவது. துணியும் கிழியாது, ஒவ்வொரு தடவையும் இடமும் தேட வேண்டியதில்லை.

மெடல் போட்டால் ரிப்பன் பார் போடக் கூடாது. ரிப்பன் துண்டுகளை மட்டும் காட்டும் ரிப்பன் பார் அன்றாட உடைக்கு, மெடல் சடங்கு உடைக்கு. மாலை விருந்துக்கான மெஸ் உடைக்கு மினியேச்சர்: பாதி அளவு மெடல், 16 மில்லிமீட்டர் ரிப்பன், அதே வரிசை. முழு அளவும் மினியேச்சரும் ஒரே உடையில் கலக்காது.

ஓய்வு பெற்ற பின்னும், குடும்பத்தாரும்

ஓய்வு பெற்றவர் கோட்டிலோ கழுத்து மூடிய பந்த்கலா கோட்டிலோ இடது மார்பில் முழு அளவு மெடல்களை அணியலாம். ஜனவரி 14 முன்னாள் படையினர் தினம், ஜனவரி 26, ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், ஆகஸ்ட் 15, டிசம்பர் 16 வெற்றி நாள் எல்லாம் அதற்கேற்ற நாட்கள். கோட்டின் மடிப்பு குறுக்கிட்டால் மூத்த மெடலின் ஓரம் அதனடியில் கொஞ்சம் போகலாம், தவறில்லை. வேட்டி சட்டையில் அணிய ஆசைப்படுகிறவர்களிடம் நான் கைவைத்த கெட்டியான மேல் கோட்டு ஒன்று போடச் சொல்வேன். மல் சட்டையில் பின் குத்தினால் ஒரு மணி நேரத்தில் நெஞ்சு தெரியக் கிழிந்துவிடும்.

இறந்தவரின் மெடலை மனைவியோ பிள்ளையோ அணிய விரும்பினால் வலப்பக்க மார்பில் அணிய வேண்டும். நினைவஞ்சலி நிகழ்ச்சிகளில் குடும்பத்தார் அப்படி அணிய நம் தரைப்படை இடம் தருகிறது. இடது மார்பு சம்பாதித்தவருக்கு உரியது, வலது அவரை நினைத்து நிற்பவருக்கு. சேலைக்கு ஒரு யோசனை: தலைப்பு இடது தோளில் போவதால் வலப்பக்கம் ரவிக்கை மட்டுமே இருக்கும், அது எடையைத் தாங்காது. மேலே ஒரு குட்டைக் கோட்டு போட்டுக்கொண்டால் பார் நேராக நிற்கும். சென்ற வருடம் ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் கோத்துக் கொடுத்தேன். இடமா வலமா என்று வழியில் யாரோ குழப்பிவிட, நிகழ்ச்சி வாசலிலிருந்து போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டார்.

இவர்களைத் தவிர மற்றவர்கள் படை மெடல் மாட்டிக்கொள்வது விளையாட்டல்ல. தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையையோ அடையாளத்தையோ தரிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவில் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 140-ஆவது பிரிவாக இருந்தது.

துடைப்பதும் வைப்பதும்

நம் வீடுகளில் மெடலுக்கு வரும் பெரிய ஆபத்து அன்புதான். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போல மெடலையும் தேய்த்து வைத்துவிடுவார்கள். வெள்ளி என்றால் விபூதி. புளி வெண்கலத்தின் இயல்பான பழுப்பை அரித்துவிடும். விபூதி எழுத்தின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மகாவீர் சக்ரா, வீர் சக்ரா ஆகியவற்றின் நடுவில் பொன்முலாம் உண்டு, எந்த பாலிஷ் போட்டாலும் அது போய்விடும். உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும். செம்பும் நிக்கலும் கலந்த கப்ரோ நிக்கல் மெடல் மிகவும் மங்கியிருந்தால் மட்டும், ரிப்பனை நனைக்காமல், ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். பெல்ட் பக்கிள் பாலிஷை மெடலில் வைக்காதீர்கள். ரிப்பனின் அடியோரத்தில் கறுப்புக் கோடு விழுந்த மெடலைப் பார்த்தால் அங்கே யாரோ அந்த பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

படத்துக்குப் பக்கத்தில் ஃபிரேம் போட்டு மாட்டுவதானால் மெடலைப் பலகையில் நூலால் கட்டச் சொல்லுங்கள், ஒட்டச் சொல்லாதீர்கள். வெயில் விழும் சுவரும் ஆகாது, இரண்டு கோடையில் காவி வெள்ளையாகிவிடும். பலர் நகல் ஒரு செட் செய்து அதை அணிந்துகொண்டு அசலைப் பூட்டி வைக்கிறார்கள். கூட்டத்தில் பின் கழன்று விழுந்தால் அசலைத் தேடுகிற வேதனை மிச்சம்.

நிகழ்ச்சி முடிந்து வந்ததும் முதல் வேலையாகப் பாரைக் கழற்றிவிடுங்கள். சட்டையோடு தொங்கவிட்டால் துணியும் தொய்யும், ரிப்பனும் இழுபடும். வியர்வை பட்ட ரிப்பனை ஒரு மணி நேரம் மின்விசிறிக் காற்றில் படுக்கவைத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் தட்டையாகச் சுற்றி, சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். அந்தத் துணியில் மெடல்களின் பட்டியலையும் வரிசையையும் ஒரு தாளில் எழுதிச் செருகி வையுங்கள். அடுத்த தடவை டப்பாவைத் திறப்பது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.